தொப்பி அசைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி மட்டும் தூக்கியிருந்தால், உள்ளே சங்கம் கூடியிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். சங்கத்துக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது, ஒரே ஒரு படம்தான் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கிற பழைய படம். நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்த் தியேட்டரில் நூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியது. அதற்குப் பிறகு பிரதி எங்கேயோ தொலைந்துவிட்டது. கேசட் வரவில்லை, டிவியிலும் போடவில்லை. எங்கள் ஞாபகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஞாபகத்தில் ஓடுகிற படத்தை யார் நிறுத்திக் காட்டுவது? அதனால் சண்டைக்குப் பஞ்சமில்லை.

சண்டை ஒரு தொப்பியைப் பற்றியது. சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

படத்தில் டிரைவர் ஒருவன் வருவான். அவன் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பான். கடிகாரத்தைப் பார்ப்பான், லேசாகச் சிரிப்பான், ரயில் ஏறிப் போய்விடுவான். அதற்கு அடுத்த காட்சியில்தான் மற்ற மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்து வங்கியின் இரும்பு அறையைத் திறப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள். மூன்று முகங்கள் மட்டும் தெரியும். புரிகிறதா? பணம் முன்னாலேயே போய்விட்டது! கூட்டாளிகளை ஏமாற்றிவிட்டு அவன் எப்போதோ ரயில் ஏறிவிட்டான். இவர்கள் திறப்பது வெறும் அறையை. கொள்ளைப் படம் எத்தனையோ வந்திருக்கிறது. திருடர்கள் வெறும் அறையைத் திறப்பதற்காக உயிரை விடுகிற படம் வேறு எங்கே உண்டு?

ஒரே ஒரு உறுத்தல். அறையைத் திறக்கும்போது வெளியே சந்தில் நிற்கிற காரை இரண்டு வினாடி காட்டுவார்கள். எங்கள் பிரதியின் இருட்டில் கார்க் கண்ணாடிக்குள்ளே டிரைவரின் தொப்பி மட்டும் தெரியும். போனவனுடைய தொப்பி இங்கே எப்படி வந்தது? கூட்டாளிகளை ஏமாற்ற அதை இருக்கையின் மேல் மாட்டி வைத்துவிட்டுப் போனான் என்பது வாத்தியார் கட்சி. தொப்பி அசைந்தது, ஆகவே உள்ளே ஆள் இருக்கிறான் என்பது பல் டாக்டர் கட்சி. இந்த ஒரு அசைவுக்கு முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகியிருக்கின்றன. அதற்குள் என் மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய்விட்டாள். தொப்பி மட்டும் அங்கேயே இருந்தது.

வாத்தியார் வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சங்கத்தின் மூளை அவர். பல் டாக்டர் எதிர்க்கட்சி. மூன்றாமவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், 'நிமிஷம்' என்றால்தான் அவரே திரும்பிப் பார்ப்பார். இரும்பு அறை எழுபத்து நாலாவது நிமிஷத்தில் திறக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நாலாவது நான், கடைக்காரன். ஐந்தாவது ஆள் என் அக்கா புருஷன். இந்தக் கதை அவரைப் பற்றியதுதான், ஆனால் அவரைக் கடைசியில் சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம்.

அத்தானை எல்லோரும் 'ஆபரேட்டர்' என்பார்கள். அந்தப் படம் ஓடிய தியேட்டரில் ப்ரொஜெக்டர் ஓட்டியவர் அவர்தான். பிறகு தியேட்டரை இடித்துவிட்டு ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் கட்டினார்கள். அதே இடத்தில் அத்தானுக்கு லிஃப்ட் ஓட்டுகிற வேலை கிடைத்தது. பட்டம் அப்படியே நிலைத்துவிட்டது, ஆபரேட்டர் ஆபரேட்டர்தான். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் தாங்களே அமுக்கிக்கொள்ளக்கூடிய பொத்தானை அவர்களுக்காக அமுக்குவார். பேச்சு கிடையாது. சங்கத்திலும் அப்படித்தான். ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் டீ வாங்கி வருவார், ஊற்றுவார், உட்காருவார். டாக்டரும் நிமிஷமும் அவரைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. நானும்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

வாத்தியார் மட்டும் ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் அவர் பக்கம் திரும்புவார். "தொப்பி அசைஞ்சுதா, ஆபரேட்டர்? நீங்க என்ன சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். அத்தான் கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துவிட்டு, "அசையற மாதிரியும் இருக்கு சார்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் வாரா வாரம் வந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

வாத்தியார் அந்தப் படத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வைத்திருந்தார். பத்து அத்தியாயம், எல்லாம் கையெழுத்துப் பிரதி. ரயிலை முன்னால் வைத்து இரும்பு அறையைப் பின்னால் வைத்த அந்த வரிசைதான் படத்தின் உயிர் என்பது அவர் வாதம். 'இந்த வரிசையை அமைத்தவன், சொல்ல வேண்டியதை எப்போது சொல்லக் கூடாது என்று தெரிந்தவன்' என்று ஒரு வரி அதில் வரும். அவர் அதை வாசித்துக் காட்டிய அன்று அத்தான் அந்தப் பக்கத்தை எனக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடு என்றார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். அந்தக் காகிதம் நாலாக மடிந்து அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. துவைக்கப் போடும்போதெல்லாம் அக்கா எடுத்து வைத்துவிட்டுத் திட்டுவாள்.

அப்படியிருக்க, போன வருடம் அந்தப் பிரதி கிடைத்துவிட்டது. எங்கேயோ ஒரு கிடங்கில் இருந்த நெகடிவை யாரோ புண்ணியவான்கள் சுத்தம் செய்து, புதுப் படம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கல்லூரி அரங்கில் ஒரு காட்சி போடுவதாகச் செய்தி வந்தது. கிணறு வெட்டினால் பூதம் வரும் என்று யார் நினைத்தார்கள்? வாத்தியார் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். நிமிஷம் இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருந்தார். அத்தான் மட்டும் வரமாட்டேன், தலை வலிக்கிறது என்றார். முப்பது வருடமாகக் காத்திருந்துவிட்டு இப்போது தலைவலியா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது என் கைங்கரியம்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எழுபதாவது நிமிஷம் வந்தது. காத்திருப்பு அறைக்காக எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.

இரும்பு அறை வந்தது.

மூன்று பேர் திறந்தார்கள். மூன்று முகங்கள். பணத்தைக் கண்ட மூன்று முகங்கள், வேறு ஒன்றுமில்லை. சந்தில் கார் நின்றது. கண்ணாடிக்குள்ளே தொப்பி. தொப்பிக்குக் கீழே டிரைவர் உட்கார்ந்துகொண்டு வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை என்று டாக்டர் இருட்டில் முணுமுணுத்தார். வென்றவருடைய குரலில் சந்தோஷமே இல்லை. அதற்குப் பிறகுதான் டிரைவர் மடியில் பணப்பெட்டியோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, சிரித்து, ரயில் ஏறினான். கூட்டாளிகளிடம் சொன்னபடி பணத்தோடு முன்னால் போனான், அவ்வளவுதான். துரோகமும் இல்லை, வெறும் அறையும் இல்லை. படம் முடிந்ததும் கூட்டம் நல்ல படம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுச் சைக்கிள், ஸ்கூட்டர் எடுக்கப் போனது. நல்ல படம்! எங்கள் நெஞ்சில் கத்தி பாய்ச்சின மாதிரி இருந்தது.

வாத்தியார் யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் கடைக்கு வந்தார். நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், லிஃப்டில் மாடி எண் சொல்கிற அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரே பிரதிதான் வந்ததாம். ரயிலடிப் பக்கத்துத் தியேட்டரும் எங்கள் தியேட்டரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் சைக்கிளில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள், அரை மணி பிந்தி இங்கே ஓடும். முதல் நாள், முதல் காட்சி. ஆறாவது ரீலோடு புறப்பட்ட சைக்கிள்காரர் வழியில் பஞ்சராகி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குள் அங்கே ஏழாவது ரீலும் முடிந்துவிட, அதை மானேஜரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஐந்தாவது ரீல் முடிய நாலு நிமிஷம். அத்தான் கையில் ஏழு இருக்கிறது, ஆறு தெருவில் இருக்கிறது. விளக்கைப் போட்டு நிறுத்த வேண்டும். துவாரம் வழியாகக் கீழே பார்த்திருக்கிறார். எண்ணூறு பேர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். விளக்கைப் போட மனசு வரவில்லை. ஏழைப் போட்டார், பிறகு ஆறைப் போட்டார்.

விசில் கூரையைப் பிய்த்தது. அடுத்த காட்சியில் ஒழுங்காக ஆறு, ஏழு என்று போட்டிருக்கிறார். இரண்டாம் தடவை பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று, படத்தைக் கெடுக்காதே என்று நாற்காலியைத் தட்டினார்கள். முதலாளி மேலே ஓடிவந்து, காலையில் எப்படிப் போட்டாயோ அப்படியே போடு என்றார். அப்படியே நூற்றுப் பன்னிரண்டு நாள். ரயிலடித் தியேட்டரில் சரியான வரிசையில் ஒரு வாரம் ஓடிப் படுத்துவிட்டது. அந்தப் பக்கத்துக்காரர்கள் சாதாரணப் படம்தானே என்று சொல்லும்போதெல்லாம் ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று நாங்கள் காறித் துப்பியிருக்கிறோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இந்த மனிதர் ஒரு முழு ரீலை மறைத்திருக்கிறார். முப்பது வருடமாக என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு டீ ஊற்றியிருக்கிறார். நேரே அக்காவிடம் போய், உனக்கு இது தெரியுமா என்று கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ஷோவுக்கு நானும்தான் போயிருந்தேன். எவனோ ரீலை மாத்திப் போட்டுட்டான்னு அன்னைக்கே வீட்ல சொன்னேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. கல்யாணம் பேச வந்தப்ப இவரைக் கேட்டேன், ஆமான்னாரு. நீ எப்பவாவது என்னைக் கேட்டியா?" என்றாள்.

கேட்டதில்லைதான். அவள் சங்கத்தில் இல்லையே.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வரவில்லை. புத்தகக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று அவர் வீட்டு அம்மா போனில் சொன்னார்கள். அதைக் கேட்ட மறுநாளே அத்தான் லிஃப்ட்டுக்கு லீவு போட்டார். இருபது வருடத்தில் அவர் போட்ட முதல் லீவு. என்னையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது. பயம் மட்டும் இல்லை. பரிசு வாங்கப் போகிற பையன் முகத்தில் இருக்குமே, அந்தக் கூச்சமும் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அது நான்தான் என்று சொல்லப் போகிறார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே பெரிய காரியம் அது. அதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் வாத்தியார். அவர் வாயால் நீங்கள்தானா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வாத்தியார் சாய்வு நாற்காலியில் தாடியோடு கிடந்தார். அத்தான் நின்றுகொண்டே சொன்னார்.

"ஆறு லேட்டா வந்துச்சு சார். ஏழுதான் கையில இருந்துச்சு. லைட்டைப் போட மனசு வரல. மாத்திப் போட்டது நான்தான்."

வாத்தியார் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் எழுந்து வந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என்னைத் தேத்தறதுக்காக இப்படி ஒரு பழியைத் தலையில போட்டுக்கிறீங்களே ஆபரேட்டர். உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!"

அத்தான் இல்லை சார், நிஜமாகவே என்று ஆரம்பித்தார். வாத்தியார் விடவில்லை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ரீல் மாறிப்போவது சாத்தியம்தானே, அனுபவஸ்தர் நீங்களே சொல்கிறீர்களே என்றார். அப்படியானால் மாறியது அங்கே! கிடங்கில் சுத்தம் செய்த பயல்கள்தான் வரிசை தெரியாமல் ஒட்டிவிட்டார்கள்! கொட்டாவி? அது படம் எடுத்தவர்களே அன்றைக்கு வேண்டாமென்று வெட்டிப் போட்ட துண்டாக இருக்கும். கணக்கு மளமளவென்று சரியாகிவிட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார், பரணிலிருந்து கட்டை இறக்கச் சொன்னார். இனித் தாமதிக்கக் கூடாது, உலகத்துக்கு உண்மை தெரிய வேண்டும், ஐம்பது பிரதி போட்டுவிடு தம்பி என்றார் என்னிடம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கு நிம்மதி. திரும்பி வரும்போது, விடுங்கள் அத்தான், மனிதர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார், அது போதாதா என்றேன். போதும் என்றார். தெருமுனையில், "நிஜத்தைச் சொல்லி நல்லவன்னு பேர் வாங்கினது நான் ஒருத்தன்தான்" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை கடையில் வேலை நடந்தது. பத்து அத்தியாயமும் பத்துக் கட்டு. மேலே சீட்டு ஒட்டி ஒன்று, இரண்டு என்று வாத்தியார் எண் போட்டிருந்தார். உள்ளே தலைப்பு மட்டும்தான். பக்க எண்ணைக் கடைசியில் தானே கையால் போடுவதாகச் சொல்லியிருந்தார். நான் மெஷினில் நகல் எடுக்க, அத்தான் அடுக்கி, துளை போட்டு, ஸ்பைரல் மாட்ட வேண்டும். ஐந்து கட்டு வரைக்கும் வெண்ணெய் மாதிரி போயிற்று. ஆறாவது கட்டில் காகிதம் மாட்டிக்கொண்டு மெஷின் கதற ஆரம்பித்தது. ஒன்றை இழுத்தால் ஒன்று கிழிந்தது. ஆறை அப்படியே ஓரம் வைத்துவிட்டு, இன்னொரு பழைய மெஷினில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்தை ஓட்டி அத்தானிடம் தள்ளினேன். பெரிய மெஷினைப் பிரித்து மேய்ந்து, ஒரு வழியாக ஆறை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஐம்பது புத்தகமும் மேஜைமேல் கட்டி முடிந்திருந்தது. ஒன்றைப் புரட்டினேன். ஐந்துக்கு அடுத்து ஏழு. அதற்கு அடுத்து ஆறு. ஐம்பதிலும்!

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா புருஷன் என்றும் பார்க்கவில்லை. பட்டும் புத்தி வரவில்லையா, ஆறு வரும்வரைக்கும் பொறுக்க முடியாதா, நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கத்தினேன். அத்தான் துளைக் கருவியிலிருந்து உதிர்ந்த காகிதப் பொட்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆறுல தொப்பி வருது, ஏழுல காத்திருப்பு அறை வருது. தொப்பியை முதல்லயே விளக்கிட்டா அப்புறம் என்ன இருக்கு? படத்துல எது உசத்தின்னு எழுதினாரோ, அதையே இதுல செய்யாம விட்டுட்டாரு. நீ படிச்சுப் பாரேன்" என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. படிக்கிற நிலையில் நான் இல்லை. பிரித்து மறுபடி மாட்டக் காகிதம் தாங்காது, துளை கிழிந்துவிடும். விதி விட்ட வழி என்று ஷட்டரை இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வாத்தியார் மழமழவென்று சவரம் செய்திருந்தார். அத்தான் வழக்கம்போல ஃப்ளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படப் போனார். வாத்தியார் ஒரு பிரதியை எடுத்து நின்றபடியே புரட்டினார். முதல் ஐந்து அத்தியாயத்தை வேகமாகத் தள்ளினார். பிறகு விரல் நின்றது. புருவம் சுருங்கியது. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். தன் எழுத்தையே யாரோ எழுதினது மாதிரி படித்தார். ஏழை முழுக்க நின்றுகொண்டே படித்தார். ஆறுக்கு வந்தபோது நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியார் கையை உயர்த்தினார், அவ்வளவுதான்.

கடைசியில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். மெஷின் கோளாறு சார், காகிதம் மாட்டிக்கொண்டது, ஆறு லேட்டாகத்தான் வந்தது, அதற்குள் அத்தான் ஏழை எடுத்து வைத்துவிட்டார், வேண்டுமென்று செய்யவில்லை என்று உளறிக் கொட்டினேன்.

"ஆறு லேட்டா வந்துச்சா?" என்றார் வாத்தியார்.

கேள்வி என்னிடம் கேட்டது. பார்வை என்னிடம் இல்லை. வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நின்ற அத்தான்மேல் இருந்தது. முப்பது வருடம் ஒரு கையெழுத்தை ஆராய்ச்சி செய்தவர் அந்தக் கையை முதல் தடவையாகப் பார்ப்பதை நான் பார்த்தேன். மின்விசிறி ஐம்பது அட்டையையும் லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"தொப்பி அசைஞ்சுதா, ஆபரேட்டர்?"

வழக்கமான கேள்விதான். வழக்கமான மரியாதைதான். அத்தான் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"அசைஞ்சுது சார். அதுக்குக் கீழ ஆள் இருந்தான்."

வாத்தியார் தலையை ஆட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் பிடித்தது. அவருடைய முப்பது வருடம் அந்தத் துணிக்குள் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அவர் சட்டையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே 'வரிசை அமைத்தவர்' என்று எழுதினார். புத்தகத்தைத் திருப்பி அத்தான் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார்.

"பேரை எழுதுங்க. ஐம்பதுலயும் எழுதணும்."

அத்தான் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். லிஃப்ட் ரிஜிஸ்டரைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனிதர். முதல் பிரதியில் எழுத்து நடுங்கியது. நாலாவதில் நேராகிவிட்டது. அதற்குள் டாக்டர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பஞ்சரானது முன் சக்கரமா பின் சக்கரமா என்று ஆரம்பித்தார். ஐந்தாவது ரீல் முடியச் சரியாக நாலு நிமிஷமா, நாலரையா என்று நிமிஷம் கேட்டார். அத்தான் எழுதுவதை நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஃப்ளாஸ்க் அப்படியே இருந்தது. அன்றைக்கு டீ வாங்க நான் போனேன்.